மாதக் கணக்கில் வராத செலவுதான் கடனை அடைய விடாது

கடன் இருக்கும் வீட்டில் பட்ஜெட் போட உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் எழுதுவது தவணைகளைத்தான். பைக்குக்கு இவ்வளவு, குழுவுக்கு இவ்வளவு, கார்டுக்கு இவ்வளவு என்று கூட்டிச் சம்பளத்தில் கழிப்பார்கள். வாடகையும் மளிகையும் போக இரண்டாயிரம் மிஞ்சினால், "சமாளிச்சிடலாம்" என்று நோட்டை மூடிவிடுவார்கள். ஒரு வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய பிறகும் மொத்தக் கடன் அப்படியே நிற்கும். சில வீடுகளில் கூடியிருக்கும். இதற்கு ஊதாரித்தனம் காரணமில்லை. ஜூனில் வந்த பள்ளிக் கட்டணமும், வைகாசியில் வந்த மூன்று கல்யாணமும், ஐப்பசியில் வந்த தீபாவளியும் அந்த நோட்டில் எழுதப்படவே இல்லை. அவற்றுக்காக வாங்கிய புதுக்கடன், கட்டிய பழைய கடனை ஈடுகட்டிவிடுகிறது.

ஒரு வீட்டுக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். கரூர், திண்டுக்கல், ஈரோடு மாதிரி ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்குக் கம்பெனிச் சம்பளம் கையில் 26,000. மனைவிக்குத் தையலில் வாரம் 2,700, 2,800 என்று மாதத்துக்குச் சுமார் 12,000. ஆக வரவு 38,000. வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர்.

மாதச் செலவு: வாடகை 8,000, மளிகை 5,000, காய்கறியும் கறி மீனும் 3,500, பெட்ரோல் 2,000, பள்ளி வேன் 1,500, பால் 1,300, மருந்து 1,000, போனும் நெட்டும் 900, கரண்ட் 700, கேஸ் 600, சில்லறை 1,500. மொத்தம் 26,000. இதில் ஆடம்பரம் எதுவும் இல்லை.

கடன்: பைக் தவணை மாதம் 2,900, இன்னும் 9 மாதம் பாக்கி. மகளிர் குழு லோனில் பாக்கி 36,000, தவணை 3,100. தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கிய 50,000, அதற்கு வட்டி மட்டும் 1,500. கிரெடிட் கார்டில் 40,000, குறைந்தபட்சத் தொகையாகக் கட்டுவது 2,000. மாதம் கையை விட்டுப் போவது 9,500. இதுபோக ஆறு பவுன் அடகில் 1,60,000 இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை வட்டி 16,000. மச்சானிடம் வட்டியில்லாத கைமாத்து 30,000.

38,000-இல் 26,000-ஐயும் 9,500-ஐயும் கழித்தால் 2,500 மிச்சம். இங்கேதான் பலரும் நோட்டை மூடுகிறார்கள். மேலே எழுதிக்கொண்டே போங்கள். நகை வட்டி மாதத்துக்கு 1,333 ஆகிறது. பிறகு வருடச் செலவு: இரண்டு பிள்ளைகளின் கட்டணம் 30,000, புத்தகம் யூனிபார்ம் 6,000, தீபாவளி 12,000, பொங்கல் 4,000, மொய் 12,000, வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 4,500, ஊர்த் திருவிழாவும் கோயில் பயணமும் 3,500. கூட்டினால் 72,000, மாதத்துக்கு 6,000. மிச்சம் 2,500 என்று நினைத்த வீட்டில் உண்மையில் மாதம் 4,833 துண்டு விழுகிறது. வருடத்துக்கு 58,000. மூணு வட்டிக்காரரும் கார்டும் உள்ளே வந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். ஓட்டையை அடைக்காமல் கூடுதல் தவணை கட்டுவதில் பயனில்லை. முதல் வருடத்துக்கு இலக்கு ஒன்றுதான்: பன்னிரண்டு மாதமும் புதுக்கடன் வாங்காமல் கடப்பது. பழைய கடன் வேகமாகக் குறைவது அதற்கு அடுத்த கட்டம்.

இதைத் தொடங்க, இரண்டு பேரும் சேர்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுத வேண்டும். கணவருக்குத் தெரியாமல் மனைவி வைத்த நகையும், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த ஆப் லோனும் இல்லாத கடன்காரக் குடும்பம் அபூர்வம். அன்றைக்கு யார் எதற்காக வாங்கினார்கள் என்ற பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தால் ஒருவர் ஒரு கடனை மறைத்துவிடுவார், போடும் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். ஒவ்வொரு கடனுக்கும் யாரிடம், வாங்கிய தேதி, வாங்கிய அசல், இன்றைய பாக்கி, வட்டி, தவணைத் தேதி, ஈடாகக் கொடுத்தது என்ன என்று எழுதுங்கள். கடைசிக் கட்டம் முக்கியம். நகையா, புரோநோட்டா, தேதி போடாத செக்கா, யாருடைய ஜாமீன் கையெழுத்து என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அடுத்தவர் கடனுக்கு நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்தையும் அடியில் எழுதிவையுங்கள். நாம் வாங்கிய கடன்களைப் பதிவு செய்துவைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்தால் மறந்துபோன தவணை, முடிந்தும் முடிக்கப்படாமல் காட்டும் கணக்கு, குழு லோன் எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்து எல்லா வட்டியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். நம் ஊரில் 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். வங்கி சொல்லும் 10 சதவீதம் வருடக் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "மூணுதானே" என்று நினைத்துவிடுகிறார்கள். தண்டல் இதைவிட மோசம். பத்தாயிரம் என்று சொல்லி 9,000 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குவார்கள். ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருந்தது 4,500 மட்டும். அதற்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி என்றால் வருடத்துக்கு எண்பது சதவீதம். கையில் 8,500 மட்டும் கொடுத்திருந்தால் அது 125 சதவீதத்தைத் தாண்டும்.

'பிளாட்' வட்டியும் இப்படித்தான். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் பிளாட், இரண்டு வருடம் என்றால் மாதம் 5,167 கட்டுவீர்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 22 சதவீதத்தை ஒட்டி வரும். 2024 அக்டோபரிலிருந்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டி அதுதான். ஏஜென்ட் வாயால் சொல்வதை விட்டுவிட்டு அந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள்.

கிரெடிட் கார்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 40,000 பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 252. ஆக 1,652. நீங்கள் கட்டும் 2,000-இல் அசலுக்குப் போவது 348 ரூபாய். பாக்கி இருக்கும்போது அந்த கார்டில் ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். வழக்கமான வட்டியில்லாத நாட்கள் அப்போது கிடையாது. அதனால் பாக்கி உள்ள கார்டு வீட்டில் யார் பர்ஸிலும் இருக்கக் கூடாது. கார்டைச் சேமித்துவைத்த ஷாப்பிங் ஆப்களிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள்.

இந்த வீட்டில் கார்டையும் மூணு வட்டியையும் முதலில் தீர்க்க வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் வழி அடகில் இருக்கும் நகைதான். தங்கம் விலை ஏறியிருந்தால் அதே ஆறு பவுனுக்கு இன்று கூடுதலாகக் கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி, 2026 ஏப்ரலிலிருந்து இரண்டரை லட்சம் வரையுள்ள நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் கொடுக்கலாம். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், வட்டியையும் சேர்த்து இந்த வரம்புக்குள் வர வேண்டும். பழைய வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வரம்பு வரை முழுதாக வாங்காதீர்கள். விலை இறங்கினால் இடைவெளியைக் கட்டச் சொல்லி ஓலை வரும்.

நகை மேல் கூடுதலாக ஒரு லட்சம் வாங்கினால் கார்டுக்கு 40,000, மூணு வட்டிக்காரருக்கு 50,000 போக 10,000 மிஞ்சும். அந்த பத்தாயிரத்தை ஆஸ்பத்திரிப் பணமாகத் தனியே வைக்க வேண்டும். 90,000-க்கு மாதம் 3,500 கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பத்து சதவீத வட்டிக்கு மாற்றினால் அதே தொகைக்கு 750. மாதம் 2,750 கையில் நிற்கிறது. மிஞ்சிய பத்தாயிரத்துக்கான வட்டி 83-ஐயும் சேர்த்தால், துண்டு 4,833-லிருந்து 2,166 ஆகக் குறைகிறது.

இந்த மாற்றம் கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான். கார்டு பாக்கி பூஜ்ஜியம் ஆனதும், "லிமிட் முழுசா இருக்கே" என்று தோன்றும். ஆறு மாதத்தில் நகைக்கடனும் இருக்கும், கார்டும் நிரம்பியிருக்கும். கட்டிய அன்றே கார்டு கணக்கை மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். செட்டில்மென்ட் என்று குறைத்துக் கட்டினால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். அது பிறகு வீடு வாங்கக் கடன் கேட்கும்வரை துரத்தும். முழுதாகக் கட்டி 'குளோஸ்டு' என்று வாங்குவது நல்லது.

நகையை அடகு வைக்கும்போது ஆறு பவுனையும் ஒரே பொட்டலமாக வைக்காமல், இரண்டு இரண்டு பவுனாக மூன்று தனிக் கடனாக வைப்பது மிகப் பயனுள்ள வழக்கம். ஒரே கடனாக இருந்தால் 2,60,000-ஐயும் கட்டாமல் ஒரு மோதிரம்கூட வெளியே வராது. மூன்றாகப் பிரித்தால் 87,000 சேரும்போதே இரண்டு பவுன் வீட்டுக்கு வந்துவிடும், அன்றிலிருந்து அதற்கான வட்டி 720 ரூபாயும் மிச்சம். கல்லும் அரக்கும் உள்ள நகைக்கு எடை கழிப்பார்கள். மொத்த எடை, நிகர எடை இரண்டும் சீட்டில் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். வட்டி கட்ட வருடக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதாமாதம் கையில் வருவதைக் கட்டி ரசீது வாங்கலாம். வருடக் கடைசியில் 26,000 ஒரே மூச்சில் புரட்ட முடியாமல், நகையைத் திருப்பி மறுநாளே வைக்க ஒருநாள் வட்டிக்குப் பணம் வாங்குவது பல ஊர்களில் சாதாரணம். அந்த ஒருநாள் வட்டியே பல நூறு ரூபாய் வரும்.

மூணு வட்டிக்காரரிடம் மொத்தமாகக் கொடுக்க வழியில்லாதவர்கள் செய்ய வேண்டியது வேறு. இப்படித் தனியாரிடம் வாங்கும் வட்டிக் கடனில் அசல் முழுதும் திரும்பும்வரை முழு அசலுக்கும் வட்டி ஓடும். அதை உடைக்கப் பேச வேண்டும். "அண்ணே, மாசம் வட்டியோட ரெண்டாயிரம் அசல்ல கழிச்சுத் தர்றேன், மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடுங்க" என்று நேராகக் கேளுங்கள். நல்ல முறையில் வட்டி வந்துகொண்டிருக்கும் இடத்தில் பலர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டால் பணத்தை வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் 'அசல்' என்று எழுதுங்கள். கையில் கொடுத்தால் புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதவைத்து அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிக்கும் நாளில் புரோநோட்டும் செக்கும் கைக்கு வராமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அநியாய வட்டியும் மிரட்டலும் இருந்தால், தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள், மனு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

குழு லோனை நான் கடைசிவரை ஒழுங்காகக் கட்டச் சொல்வேன். ஒருவர் தவறினால் மற்றப் பெண்கள் தலையில் விழும், அக்கம்பக்கத்து உறவே கெட்டுவிடும். ஆனால் முக்கால்வாசி முடிந்ததும், "அக்கா, புது லோன் எடுத்துக்கோங்க, பழசக் கழிச்சுக்கலாம்" என்று வருவார்கள். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதமும் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

ஏழு நாள், பதினைந்து நாள் ஆப் லோன்களை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், கடன் கொடுத்தது ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனமா என்று முதலில் பாருங்கள். படங்களை அனுப்புவேன் என்று மிரட்டினால் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். ஓர் ஆப்புக்குக் கட்ட இன்னொரு ஆப்பில் எடுப்பதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

இனி அந்த 72,000. பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது, பண்டிகையையும் மொய்யையும் திட்டமிடலாம். மொய்யை நான் செலவாக எழுதாமல் கடனாகவே எழுதச் சொல்வேன். நம் வீட்டு விசேஷத்தில் வாங்கிய மொய் திருப்பிச் செய்ய வேண்டியது, வட்டியில்லாத கடன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய்விருந்து வைக்கும் ஊர்களில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பீரோவில் இருக்கும் மொய் நோட்டை எடுங்கள். யார் வீட்டில் எவ்வளவு வந்தது, நாம் திருப்பிச் செய்துவிட்டோமா, அந்த வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பக்கவாட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த இரண்டு வருடத்தில் வரப்போகும் பெரிய மொய்கள் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாங்கியதைத் திருப்பிச் செய்யுங்கள், அதற்குமேல் கூட்டிச் செய்வதைக் கடன் தீரும்வரை நிறுத்துங்கள். புதிதாக அழைத்தவர்களுக்கு ஒரு தொகை என்று வீட்டுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். கல்யாண மண்டப வாசலில் நின்று முடிவு செய்தால் ஐந்நூறு ஆயிரம் ஆகிவிடும். இப்படி மொய் 12,000-லிருந்து 8,000 ஆகும். தீபாவளித் துணியைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்து, பலகாரத்தை வீட்டிலேயே சுட்டால் அதுவும் 8,000-க்குள் முடியும். வருடச் செலவு 64,000 ஆகிறது.

மாதச் செலவில் 1,500 குறைத்தால் துண்டு அடைபடும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இந்த இரண்டை மட்டும் மாதம் தவறாமல் வாங்கினாலே மளிகையில் சுமார் இருநூறு ரூபாய் குறையும். சரக்கு வந்த அன்றே ஒருவர் போய்விட வேண்டும், மாதக் கடைசிக்குத் தள்ளினால் பருப்பு தீர்ந்திருக்கும். காய்கறியைச் சந்தை நாளில் மொத்தமாக வாங்கி, நாள் தாங்காத கீரை, வெண்டையை முதல் மூன்று நாளுக்கும், பூசணி, சேனை, வாழைக்காயைப் பின்னாலும் சமைத்தால் நடுவாரக் கடைக்கு வேலையில்லை.

கரண்ட் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் கூடுவதில்லை, கீழே இருந்த மலிவு விலையும் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயாகவும், 510 யூனிட்டுக்கு 2,030 ஆகவும் இருந்தது. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். ரீடிங் எடுக்கும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துவிட்டால் இந்தப் பள்ளத்தில் விழாமல் நிற்கலாம்.

வாயைக் கட்டிச் சேர்க்கச் சொல்லும் யோசனைகளை நான் நம்புவதில்லை. பிள்ளைகளின் முட்டையையும் பாலையும் குறைத்து மிச்சம் பிடிக்கும் 300 ரூபாய் ஒரு காய்ச்சலில் போய்விடும். மனைவியின் சில்லறைச் செலவை மட்டும் குறைத்து, கணவரின் டீ, பீடி, சிகரெட் கணக்கை யாரும் கேட்காத வீட்டிலும் பட்ஜெட் இரண்டு மாதம்கூடத் தாங்காது. இருவருக்கும் கணக்குக் கேட்காத ஒரு கைச்செலவு, ஆளுக்கு 300 ஆனாலும் சரி, எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பணத்தை எப்படிப் பிரித்துவைக்கிறோம் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. இந்த வீட்டில் வரவு இரண்டு விதம். மாதச் சம்பளம் மாதச் செலவுக்கு: வாடகை, தவணை, வேன், மளிகை. வாரத் தையல் பணம் வாரச் செலவுக்கு: காய்கறி, பால், பெட்ரோல். இரண்டையும் கலக்காதீர்கள். தவணைகளுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, சம்பளம் வந்த அன்றே மொத்தத் தவணையையும் அதில் போட்டுவிடுங்கள். அந்தக் கணக்கின் கார்டும் யூ.பி.ஐ.யும் யார் போனிலும் இருக்க வேண்டாம். ஒரு தவணை பவுன்ஸ் ஆனால் வங்கி ஒரு பக்கமும் கடன் கொடுத்தவர் ஒரு பக்கமும் கட்டணம் போடுவார்கள், சேர்ந்து ஆயிரத்தை நெருங்கும். சம்பளத் தேதிக்கு முன்பு விழும் தவணையை மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுக்கலாம். அபராதத்தை வட்டியாகப் போட்டு அதன்மேல் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2024-இலிருந்து தடுத்திருக்கிறது. உங்கள் கணக்கில் அப்படி இருந்தால் கேளுங்கள்.

வருடச் செலவுக்கான 5,333 ரூபாயை வீட்டு டப்பாவில் வைத்தால் நிற்காது. 36,000 பள்ளிக்கு என்பதால் மாதம் 3,000 வீதம் மே மாதத்தில் முடியும் ஆர்.டி. (வங்கியில் மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) ஒன்று. பண்டிகைக்கு மாதம் 1,000 வீதம் தீபாவளிக்கு முந்தின மாதம் முடியும் ஆர்.டி. இன்னொன்று. மொய், வண்டி, பயணம் மூன்றுக்கும் சேர்த்து 1,333-ஐ ஒரு தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பத்து சதவீத வட்டிக்குக் கடன் இருக்கும்போது ஆறு ஏழு சதவீத ஆர்.டி. எதற்கு என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஜூன் மாதம் கையில் 36,000 இல்லாவிட்டால் அந்தப் பணம் மூணு வட்டிக்குத்தான் வரும். மூன்று சதவீத வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் போய் முப்பத்தாறு சதவீதத்தில் விழுவதைவிட ஆர்.டி. மேல்.

எந்த மாதம் தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஜனவரியில் தொடங்கினால் ஜூனுக்குள் 15,000தான் சேரும். அப்போது ஏப்ரலிலேயே பள்ளி அலுவலகத்தில் போய், மூன்று பருவமாகக் கட்டுகிறோம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முன்னதாகக் கேட்டால் பல பள்ளிகள் சம்மதிக்கும், கடைசி நாளில் கேட்டால் சம்மதிக்காது. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் கல்யாண மொய் கிட்டத்தட்ட இல்லை. புரட்டாசியில் கறிச் செலவும் பல வீடுகளில் நின்றுவிடும். இந்த மூன்று மாதத்தின் மிச்சத்தை மொய்க் கணக்கில் அன்றே போட்டுவிட்டால் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களைத் தாங்கலாம். ஆடித் தள்ளுபடியில் அந்த மிச்சம் கரைவதுதான் வழக்கம்.

இந்தக் கணக்கின்படி முதல் ஒன்பது மாதம் கூடுதலாக ஒரு ரூபாய்கூட அசலுக்குப் போகாது. மனம் தளரும் காலம் இதுதான். பத்தாவது மாதம் பைக் முடிந்து 2,900 விடுபடும். அதை மச்சானுக்குக் கொடுங்கள். வட்டியில்லாத கடனைக் கடைசியில் வைக்கலாம் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் நாளை ஒரு நெருக்கடியில் வட்டியில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். பதினான்காவது மாதத்தில் குழு லோன் முடியும், கையில் மாதம் 6,000 ஆகும். பதினேழாவது மாதம் மச்சான் கடன் தீரும். அங்கிருந்து நகை வட்டிக்கு ஏற்கெனவே ஒதுக்கும் 2,167-உடன் அந்த 6,000-உம் சேர்ந்து முதல் பொட்டலத்துக்குப் போகும். ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்ப இன்னும் மூன்று வருடம். மொத்தம் நான்கரை வருடம். இதைவிட வேகமாக முடியும் என்று சொல்பவர்களின் கணக்கில் பெரும்பாலும் பள்ளிக் கட்டணமோ மொய்யோ விட்டுப்போயிருக்கும். சம்பளம் கூடினால், தையலில் சீசன் பணம் வந்தால் இது சுருங்கும். அப்படி வரும் பணத்தில் முதலில் ஆஸ்பத்திரிப் பணத்தை 25,000 ஆக்குங்கள், பிறகு நகைக்குக் கட்டுங்கள்.

நடுவில் ஏலச் சீட்டு எடுத்துக் கடனை அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒரு லட்சம் சீட்டை நான்காவது மாதம் 25,000 தள்ளி எடுத்தால், கமிஷன் போக 70,000 கைக்கு வரும். மீதி மாதங்களுக்குத் தவணை உங்கள் தலையில். பதிவில்லாத சீட்டு என்றால் அந்த 70,000-உம் நிச்சயமில்லை.

ஒரு கடன் முடியும் நாளில் பணம் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. பைக் முடிந்தால் நோ டியூ சான்றிதழும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கவையுங்கள். இன்சூரன்சிலும் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் வண்டியை விற்கும்போது மாதக்கணக்கில் அலையவேண்டி வரும். தவணைக் கணக்கில் போட்டிருந்த ஆட்டோ டெபிட் உத்தரவை வங்கியில் ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, கணக்கு 'குளோஸ்டு' என்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நகை திரும்பும் நாளில் அடகுச் சீட்டையும், அடகு வைக்கும்போது நகையைப் படம் எடுத்திருந்தால் அதையும் கொண்டு போங்கள். பொட்டலத்தின் சீல் உங்கள் கண்முன் உடைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு உருப்படியையும் எண்ணி, தராசில் வைத்து, சீட்டில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். கம்மலின் திருகு, சங்கிலியின் கொக்கி, வளையலின் நெளிவு, கல் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போடுங்கள். 2026 ஏப்ரல் முதலான விதிகளில், முழுப் பணமும் கட்டிய பிறகு அன்றே அல்லது அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும், தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று இருக்கிறது. வீட்டுக்கு வந்த இரண்டு பவுனைப் பீரோவில் வைத்துவிட்டு, அந்தப் பொட்டலத்துக்குப் போய்க்கொண்டிருந்த 720 ரூபாய் வட்டிப் பணத்தை அடுத்த மாதச் சம்பள நாளிலிருந்தே இரண்டாவது பொட்டலத்தின் அசலுக்குக் கட்டத் தொடங்குங்கள்.